வடகிழக்கு மலைகளின் மிளகாய் ஊறுகாய்: சுவையும் விலையும்

உணவு பதனிடும் தொழிலைப் பற்றிய அரசு அறிக்கைகளில் சுவை என்னும் சொல் அரிதாகவே காணப்படும். ஆலைகளின் உற்பத்தித் திறன் எத்தனை டன், முதலீடு எவ்வளவு, வேலை பெற்றோர் எத்தனை பேர், வீணாகும் விளைபொருள் எத்தனை விழுக்காடு என்பனவே அவற்றில் இடம் பெறுகின்றன. இவை வேண்டியவையே. ஆயினும், ஊறுகாயோ மிளகாய்ச் சாஸோ செய்து விற்கும் ஒரு சிறு உற்பத்தியாளருக்குக் கிடைக்கக்கூடிய விலையை இறுதியில் தீர்மானிப்பது, அதை வாயில் இட்டுப் பார்ப்பவரின் நாக்கேயாகும். விலைப்பட்டியலில் அவர் பெரிய ஆலையுடன் போட்டியிட முடியாது. சுவையில் முடியும். ஆனால் நம்முடைய கொள்முதல் முறைகளில் விலைக்கு ஒரு கட்டம் உண்டு, சுவைக்கு இல்லை.

இதை நான் நூல்களில் படித்து அறியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் தில்லியில் ஓர் அலுவலக உணவு விடுதிக்கு ஊறுகாயும் சாஸும் வாங்குவதற்கான கொள்முதல் குழுவில் நானும் ஓர் உறுப்பினனாக இருந்தேன். ஏழு மாதிரிகள் வந்திருந்தன. ஏழும் மேசைமீது வரிசையாக நின்றன. எவரும் ஒரு மூடியைக்கூடத் திறக்கவில்லை. ஒப்பு அட்டவணையில் குறைந்த விலை எதுவோ அதற்கு எல்லோரும் கையொப்பமிட்டோம், நானும் இட்டேன். கூட்டம் முடிந்தபின் எழுத்தர் ஒருவர் தம் மதிய உணவுக்குத் தொட்டுக்கொள்ள ஒரு புட்டியைத் திறந்தார். அறை முழுவதும் பழுத்த அன்னாசியின் மணம் பரவிற்று. நாகாலாந்து மகளிர் குழு ஒன்று ராஜா மிளகாயும் அன்னாசியும் சேர்த்துச் செய்து அனுப்பியிருந்த சாஸ் அது. அட்டவணையில் அதன் விலை, தேர்வானதைப் போல் இரு மடங்குக்கும் மேல். தேர்வான சாஸையும் பின்னர் சுவைத்தோம். அதில் அசிட்டிக் அமிலத்தின் நெடியும் சிவப்பு நிறமும் தவிர வேறொன்றும் தெரியவில்லை. கோப்பு அதற்குள் அடுத்த அறைக்குப் போய்விட்டது.

காரம் வேறு, மணம் வேறு

மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் நம் நாட்டுக்கு வந்த பயிர் என்பது பலரும் அறிந்ததே. அதில் பல இனங்கள் உண்டு என்பது அத்துணை அறியப்படவில்லை. குண்டூர் சன்னம், பியாடகி ஆகியவை ஓர் இனத்தைச் சேர்ந்தவை. நாகாலாந்தில் ராஜா மிளகாய் என்றும், அசாமில் பூத் ஜொலோகியா என்றும், மணிப்பூரில் உமொரோக் என்றும் வழங்கும் மிளகாய் பெரும்பாலும் வேறோர் இனத்தின் கூறுகளைக் கொண்டது. அவ்வினத்தின் அறிவியற் பெயர் கேப்சிகம் சைனென்ஸ். 1776இல் இப்பெயரை இட்ட ஜாக்கின் என்னும் தாவரவியலாளர் அது சீனாவிலிருந்து வந்ததென்று தவறாகக் கருதினார். அதன் பிறப்பிடம் தென்னமெரிக்கா. பிழையான பெயர் இன்றும் நிலைத்து நிற்கிறது. அலுவலகக் கோப்புகளில் மட்டுமே இவ்வாறு நிகழும் என்று எண்ணியிருந்தேன்.

காரத்தை அளக்க 1912இல் வில்பர் ஸ்கோவில் என்னும் மருந்தியலாளர் ஒரு முறையை வகுத்தார். மிளகாய்ச் சாரத்தைச் சர்க்கரை நீரில் மேலும் மேலும் கரைத்து, சுவைப்போர் குழுவுக்குக் காரம் தெரியாமற் போகும் வரை எத்தனை மடங்கு கரைக்க வேண்டியுள்ளது என்று கணக்கிடுவதே அம்முறை. இன்று இது கருவியால் அளக்கப்படுகிறது. குண்டூர் சன்னத்தின் காரம் ஏறத்தாழ 35,000 முதல் 40,000 அலகு. தேஜ்பூரிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடம் 2000ஆம் ஆண்டில் வடகிழக்கு மிளகாய்க்கு 8,55,000 அலகு என்று அறிவித்தது. 2007இல் கின்னஸ் பதிவேடு பத்து இலட்சம் அலகுக்கு மேல் என ஏற்று, உலகிலேயே மிகக் காரமான மிளகாய் அதுவே என்றது. பின்னர் வெளிநாட்டு ஒட்டு வகைகள் அதை முந்திவிட்டன.

இந்த எண்கள் பெயரைத் தேடித் தந்தன. ஆனால் ஒரு தீங்கும் செய்தன. வாங்குவோர் இம்மிளகாயை வீரத்தை நிரூபிக்கும் பொருளாக மட்டும் பார்க்கத் தொடங்கினர். காரம் என்பது உண்மையில் சுவையன்று, ஒருவகை வலி. ஏறத்தாழ 43 பாகை வெப்பத்தை உணரும் நரம்பு வாயிலை, மிளகாயிலுள்ள கேப்சைசின் என்னும் பொருள் திறந்துவிடுகிறது. இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. கேப்சைசின் மிகுதியாக இருப்பது விதையில் அன்று. விதைகளைத் தாங்கும் வெண்ணிறச் சதையில். எனவே அச்சதையை நீக்கினால் காரத்தைக் குறைத்து மணத்தைக் காக்க இயலும். ராஜா மிளகாயின் தனிச்சிறப்பு அதன் தோலிலும் தோற்சதையிலும் உள்ள பழமணமே. நன்கு பழுத்த ஒன்றை அறுத்தால் முதலில் எழுவது கொய்யாவையும் எலுமிச்சைத் தோலையும் நினைவூட்டும் வாசனை. அடுப்பின் மேல் பரணில் புகையில் உலர்த்தப்பட்டதாயின், அதன்மேல் விறகுப் புகையின் வாசமும் ஏறியிருக்கும்.

சிக்கிமின் டல்லே குர்சானி இதிலிருந்து வேறுபட்டது. நம் இராமநாதபுரம் முண்டு மிளகாயைப் போல் உருண்டை. ஆனால் உலர்த்தாமல் பழமாகவே வினிகரிலோ எண்ணெயிலோ உப்பிலோ இடப்படுகிறது. கடித்தால் தோல் முதலில் வெடிக்கும். பழச்சாற்றின் புளிப்பும் இனிப்பும் தெரியும். அதன் பின்னரே காரம் வந்து சேரும். ராஜா மிளகாய் 2008இலும், மிஜோரம் மிளகாய் 2015இலும், டல்லே குர்சானி 2020இலும், மணிப்பூரின் சிராரகோங் மிளகாய் 2021இலும் புவிசார் குறியீடு பெற்றன. குறியீடு பெயரைக் காக்கும். புட்டிக்குள் இருக்கும் பண்டத்தின் தரத்தை அது தானாகவே உயர்த்துவதில்லை.

சுவைத்துப் பார்க்கும் முறை

மேற்கூறிய கொள்முதலுக்குப் பின், ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் சரஸ் கண்காட்சி ஒன்றில் இரு பிற்பகல்களை வடகிழக்கு மாநிலக் கடைகளிலேயே கழித்தேன். முதல் நாள் முறையின்றித் தொடங்கினேன். மிகக் காரமானதை முதலில் சுவைத்ததால், பின்னர் வந்த நான்கும் எனக்கு ஒன்றே போல் இருந்தன. மறுநாள் கற்றுக்கொண்ட முறை எளிது. காரம் குறைந்ததிலிருந்து கூடியதற்குச் செல்ல வேண்டும். ஒரு வேளைக்கு ஐந்தாறுக்கு மேல் கூடாது. ஒரு கடுகளவு போதும். வாயில் இடுமுன் முகர வேண்டும். விழுங்கியபின் வாயை மூடி மூக்கின் வழியே மூச்சை விட வேண்டும். பழமணம் தெரிவது அப்போதுதான். கேப்சைசின் நீரில் கரையாது. ஆகவே தண்ணீர் குடிப்பதால் பயன் இல்லை. தயிரோ பாலோ இரண்டு கவளம் வெறுஞ்சோறோ வேண்டும்.

அன்று குறிப்பேட்டில் எழுதியவற்றுள் சில. வினிகரில் இட்ட முழு டல்லே: பழத்தின் உறுதி குலையவில்லை; வினிகரின் கூர்மை சற்று மிகை. எண்ணெயில் இட்ட டல்லே: மணம் நீண்ட நேரம் நிற்கிறது, மணப்பொருள்கள் பலவும் எண்ணெயில் நன்கு கரைவதே காரணம். லப்சி என்னும் காட்டுப் பழத்தை வெல்லப்பாகில் மிளகாயுடன் சமைத்தது: புளிப்பு, இனிப்பு, காரம் மூன்றும் ஒன்றையொன்று அடக்கவில்லை, எனக்கு மிகவும் பிடித்தது இதுவே. நொதித்த மூங்கில் குருத்துடன் ராஜா மிளகாய்: பழகாதவருக்கு வாடை கடுமை, பழகியவர் வேறு எதையும் தொடமாட்டார். இன்னொன்று, கவர்ச்சியான லேபிள் ஒட்டிய மிளகாய்ச் சாஸ்: நெடுநேரம் கொதித்ததால் பழமணம் முற்றிலும் போய், காரம் மட்டும் எஞ்சியிருந்தது. விலை எல்லாவற்றிலும் கூடுதல். சிறு உற்பத்தியாளர் செய்தது என்பதாலேயே ஒன்று நன்றாக இருந்துவிடாது என்பதையும் சொல்லவேண்டும்.

புட்டிக்குள் நடப்பது

அன்னாசிச் சாஸ் செய்த குழு போன்ற ஒன்றைப் பின்னர் ஓர் அலுவற் பயணத்தின்போது கண்டேன். அவர்கள் முந்தைய கோடையில் இருநூறு புட்டிகளைச் சமவெளிக்கு அனுப்பியிருந்தனர். வழியிலேயே பல மூடிகள் உப்பின. சில பிதுங்கி வழிந்தன. வாங்கியவர் பணம் தரவில்லை. ஓராண்டு உழைப்பின் இலாபம் அதில் போயிற்று. செய்முறையில் அழுக்கு ஏதும் இருந்ததென்று எனக்குத் தோன்றவில்லை. காரணம் வேறு. அன்னாசியில் சர்க்கரை உண்டு. போதிய சூடு காட்டப்படாததால் எஞ்சிய ஈஸ்ட் நுண்ணுயிர்கள் அச்சர்க்கரையை நொதிக்கச் செய்து வாயுவை உண்டாக்கின. மலையின் குளிரில் மெதுவாக நிகழ்ந்தது, சமவெளியின் வெப்பத்தில் விரைந்து நிகழ்ந்தது.

இங்கேதான் தொழிலின் உண்மையான இக்கட்டு உள்ளது. நீண்ட நேரம் கொதிக்கவைத்தால் சாஸ் கெடாது. ஆனால் மணம் ஆவியோடு போய்விடும். குறைவாகச் சூடாக்கினால் மணம் நிற்கும், மூடி நிற்காது. பெரிய ஆலைக்கு இதற்கான இயந்திரங்கள் உண்டு. சிறு குழுவுக்கு இயலக்கூடிய வழி, அன்னாசியையும் வினிகரையும் உப்பையும் முதலில் நன்கு கொதிக்கவைத்து, அரைத்த மிளகாயை இறுதியில் சேர்த்து, பாத்திரத்தை மூடியபடி சிறிது நேரம் மட்டும் கொதிநிலைக்கு அருகில் வைத்திருந்து, சூடு ஆறுமுன் சுடுபுட்டியில் நிரப்பி மூடுவதாகும். மூடிய புட்டியைச் சற்று நேரம் கவிழ்த்து வைத்தால் மூடியின் உட்புறமும் சூடேறும்.

புளிப்பின் அளவு இதைவிட முக்கியமானது. பி.எச். என்னும் அளவுகோலில் 4.6க்குக் கீழ் இருந்தால், உயிருக்கே ஆபத்தான நஞ்சை உண்டாக்கும் பாட்டுலினம் கிருமி வளராது. நடைமுறையில் 4க்குக் கீழ் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. எண்ணெய் தானாகவே ஊறுகாயைக் காக்கும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் உண்டு. எண்ணெய் காற்றைத் தடுப்பது உண்மை. அதனால் பூஞ்சை வளராது. ஆனால் மேற்சொன்ன கிருமி காற்றில்லா இடத்தையே விரும்புவது. உப்போ புளிப்போ போதிய அளவில் இல்லாவிடில் எண்ணெய் அதற்குத் துணை செய்வதாகவே முடியும். நம் பாட்டிமாரின் ஊறுகாய் கெடாததற்குக் காரணம் எண்ணெய் மட்டுமன்று, கை நிறைய அள்ளிப் போட்ட உப்புமாகும். தற்போது உப்பைக் குறைக்கவேண்டும் என்னும் மருத்துவ அறிவுரையை ஏற்று உப்பைக் குறைப்போர் புளிப்பைக் கூட்டியாக வேண்டும்.

உணவுப் பாதுகாப்பு விதிகள் வினிகர் ஊறுகாய்க்கு அசிட்டிக் அமிலக் கணக்கில் குறைந்தது 2 விழுக்காடு அமிலத்தன்மையைக் கோருவதும், உப்பையே முதன்மைக் காப்புப் பொருளாகக் கொண்டவற்றில் உப்பு 12 விழுக்காட்டுக்குக் குறையலாகாது என்பதும் இந்த அடிப்படையிலேயே. 1955ஆம் ஆண்டின் பழப்பொருள் ஆணை தொடங்கி, 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 2011இல் நடைமுறைக்கு வந்த விதிகள் வரை இந்நோக்கம் மாறவில்லை. இவற்றை இடையூறென்று கருதும் உற்பத்தியாளர்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்களிடம் ஒரு பி.எச். அளவியும் அதைப் பயன்படுத்தக் கற்றுத்தர ஒரு நாளும் கொடுத்தால், அந்தக் கருத்து பெரும்பாலும் மாறிவிடுகிறது. கைக்குள் அடங்கும் இக்கருவி பெரிய முதலீடன்று. ஆயினும் நான் கண்ட திட்ட மதிப்பீடுகள் பலவற்றில் அரைவை இயந்திரமும் கட்டடமும் இருந்தன, அளவி இல்லை.

விலைக் கணக்கு

அக்குழுவின் கணக்கை வைத்திருந்த அம்மையாரிடம் ஒரு புட்டியின் அடக்க விலையைச் சொல்லுமாறு கேட்டேன். மிளகாய், அன்னாசி, வினிகர், சர்க்கரை, உப்பு, எரிபொருள், புட்டி, மூடி, லேபிள், வண்டி வாடகை என்று வரிசையாகச் சொன்னார். புட்டியும் மூடியும் சேர்ந்து, உள்ளே இருக்கும் பழத்தையும் மிளகாயையும்விட அதிகமாயிற்று. கண்ணாடி சமவெளியில் செய்யப்படுகிறது. வெறும் புட்டியாக லாரியில் மலையேறி, நிரம்பிய புட்டியாக மீண்டும் மலையிறங்குகிறது. வாடகை இருமுறை, உடைவதும் இருமுறை. தம் குழுவினரின் உழைப்பு நாள்களை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, அது வீட்டு வேலையோடு வேலையாகச் செய்வது என்றார். பொருளாதாரம் பயின்ற எனக்கு அந்த விடையில் எதைத் திருத்துவது என்று உடனே தோன்றவில்லை. அவ்வுழைப்பையும் சேர்த்தால், எங்கள் அட்டவணையில் மிகையென்று ஒதுக்கிய அந்த விலை உண்மையில் குறைவான விலையே.

மூலப்பொருளிலும் ஒரு சிக்கல் உண்டு. 2021 ஜூலையில் நாகாலாந்தின் ராஜா மிளகாய் குவாஹாட்டி வழியாக முதன்முறையாக இலண்டனுக்கு விமானத்தில் அனுப்பப்பட்டது. 2025இல் சிக்கிமின் டல்லே சாலமன் தீவுகளுக்குச் சென்றது. பயிரிடுவோருக்கு இது நற்செய்தி. பழத்தை விலைக்கு வாங்கி ஊறுகாய் செய்வோருக்கு அவ்வாறன்று. ஏற்றுமதித் தேவை எழும்போது அவர்களுடைய மூலப்பொருளின் விலையும் எழுகிறது. பயிரிடுவோரும் பதனிடுவோரும் ஒரே குழுவில் இருக்கும் ஊர்களில் இச்சிக்கல் இல்லை. நல்ல பழம் பச்சையாக விலை போகும். அடிபட்டதும் வடிவம் கெட்டதும் அன்றைக்கே அரைபட்டுச் சாஸாகும். குழுக்களை அமைக்கும் அலுவலர்கள் இந்த ஒன்றைக் கவனித்தாலே பெரும்பயன் விளையும்.

அளவைப் பெருக்கினால் சுவை கெடும் என்னும் அச்சத்துக்கு விடையாக லிஜ்ஜத் அப்பளத்தைச் சொல்வதுண்டு. 1959இல் மும்பையில் ஏழு பெண்கள் 80 ரூபாய்க் கடனில் தொடங்கியது அது. மாவு ஓரிடத்தில் பிசையப்படுகிறது. பெண்கள் அதை வீட்டுக்கு எடுத்துச் சென்று இட்டுவருகின்றனர். சுவையை நிர்ணயிக்கும் வேலை ஒருமுகமாகவும், கைவேலை பரவலாகவும் இருப்பதே அதன் வெற்றி. ஊறுகாய்க்கு இதை அப்படியே பின்பற்ற இயலாது. இங்கு சுவை பழத்திலும் அதைப் பக்குவம் பார்க்கும் கையிலும் உள்ளது. ஒருமுகமாக்க வேண்டியவை வேறு: புட்டி கொள்முதல், அளவி, சுடுநிரப்பும் வசதி, ஆய்வுக்கூடச் சான்று ஆகியவை. ஒரு வட்டாரத்தின் பத்துக் குழுக்களுக்கு இவை பொதுவாக இருக்கலாம். பத்துக் குழுக்களின் செய்முறையையும் ஒன்றாக்கிவிட்டால் விற்பதற்குச் சிறப்பாக எதுவும் எஞ்சாது. 2020இல் தொடங்கப்பெற்ற பிரதமரின் குறு உணவு பதனிடும் தொழில்கள் முறைப்படுத்தும் திட்டம், முதலீட்டில் 35 விழுக்காடு, உச்சவரம்பு 10 இலட்சம் ரூபாய் என மானியமும், சுய உதவிக் குழு உறுப்பினர் ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க மூலதனமும், பொது வசதிகளுக்கு உதவியும் வகுத்தது. நான் கண்டவரை, குழுக்கள் இயந்திர மானியத்தை அறிந்திருந்த அளவு பொது வசதிக்கான பகுதியை அறிந்திருக்கவில்லை.

மீண்டும் கொள்முதல்

குறு, சிறு தொழில்களிடமிருந்து மைய அரசின் துறைகளும் நிறுவனங்களும் செய்யவேண்டிய கொள்முதல், 2012ஆம் ஆண்டின் ஆணையும் 2018ஆம் ஆண்டின் திருத்தமும் விதித்தபடி 25 விழுக்காடு. அதில் மகளிர் நடத்தும் தொழில்களுக்கு 3 விழுக்காடு. ஆகவே கதவு இல்லை என்று சொல்வதற்கில்லை. நுழைந்தபின் பொருளை எவ்வாறு மதிப்பிடுவது என்பதிலேயே நாம் தடுமாறுகிறோம். குறைந்த விலையைத் தேர்ந்தால் தணிக்கையில் கேள்வி எழாது. சுவையைத் தேர்ந்தால் யாருடைய நாக்கு என்று கேட்பார்கள். இக்கேள்வி நியாயமானதே. அதற்கு விடை, தரக் குறிப்பை விலை கோரும் முன்பே எழுதிவைப்பது: பழத்தின் பங்கு இத்தனை விழுக்காட்டுக்குக் குறையாமை, நொதித்த வினிகரா செயற்கை வினிகரா என்னும் விவரம், பி.எச். அளவு, நிரப்பிய மாதம். பின்னர் புட்டிகளின் பெயரை மறைத்து எண்ணிட்டு ஐந்து பேர் தனித்தனியே சுவைத்து மதிப்பெண் இடுவது. குறைந்த மதிப்பெண் எல்லையைத் தாண்டியவற்றுள் குறைந்த விலையைத் தேர்வதற்கு எந்த விதியும் தடையன்று.

அதே உணவு விடுதிக்கு மறுமுறை விலைப்புள்ளி கோரியபோது இவ்வாறே செய்யப்பட்டது. ஐந்து பேரும் தயிர்க் கிண்ணத்துடன் அமர்ந்தனர். முன்னர் மிகக் குறைந்த விலைக்குத் தேர்வான சாஸ் எல்லையைத் தாண்டவில்லை. தாண்டிய மூன்றில் குறைந்த விலை ஒரு மலைக் குழுவினுடையது. ஆணை நானூறு புட்டிக்கு அனுப்பப்பட்டது. தொண்ணூறு வந்தன, மூடிகள் யாவும் உறுதியாக இருந்தன. மிளகாய்ப் பருவம் முடிந்துவிட்டதாகவும், உலர்ந்த மிளகாயில் செய்தால் மணம் வராதென்பதால் மீதியை அடுத்த அறுவடைக்குப் பின் அனுப்புவதாகவும் குழுவின் கடிதத்தில் இருந்தது. பகுதி வழங்கலுக்கு எட்டு மாதக் கால நீட்டிப்பை அனுமதிக்கலாமா என்னும் குறிப்புடன் அக்கோப்பு நிதிப் பிரிவுக்குச் சென்றுள்ளது.